சகலை செஞ்ச பழ மிஷின்

இக்கட்ட தள்ளி உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெயில் முகத்துலயே அடிக்கும். பொள்ளாச்சிங்களா? நானும் அங்கதானுங்க. ரோட்டு வேலை நடக்குது. கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் பஸ்சு இப்படித்தான் ஊர்ந்துக்கிட்டுப் போகும். பேசிக்கிட்டே போனா நேரம் போறது தெரியாது.

எனக்கு லேத்து வேலைங்க. கோயமுத்தூர் கணபதியில சொந்தப் பட்டறை. பேரு தெய்வசிகாமணி. பம்புசெட்டுக்கு ஷாஃப்டு கடையறதுதான் முக்காவாசி வேலை. "சிகாமணி கடைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்"னு பம்பு கம்பெனிக்காரங்களே சொல்லுவாங்க. நானாச் சொல்லலீங்க, அவங்க சொல்றது.

மொதல்லயே ஒண்ணு சொல்லீர்றேன். ஒருத்தரைப் பாத்துப் பொறாமைப்படறதுங்கறது எனக்குப் பொறப்புலயே கிடையாது. பக்கத்துப் பட்டறைக்காரன் கம்ப்யூட்டர் லேத்து எறக்கினான். பூசைக்கு நான்தான் மொத ஆளாப் போய் நின்னு, சந்தனம் வச்சுக்கிட்டு, சுண்டல் தின்னுட்டு வந்தேன். கொஞ்ச நாள்லயே அந்த லேத்து படுத்துக்கிச்சு, அது வேற விசயம். அதுக்கு நான் சந்தோசப்படவே இல்லீங்க. இவ்வளவு எதுக்குச் சொல்றேன்னா, மேக்கொண்டு நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது பாருங்க.

எங்க மாமனாருக்கு நெகமம். ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ சாந்தாமணி, என்ற சம்சாரம். இளையவ பூங்கோதை. அந்தப் பூங்கோதையைக் கட்டினவன் நாச்சிமுத்து. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஜூஸ் கடை வச்சிருக்கான். எனக்கு சகலை. ஆனா வயசுல சின்னவன், 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவான். ரொம்ப மரியாதை. அந்த மரியாதையே எனக்கு ஆகாதுங்க. இத்தனை மரியாதை குடுக்கறவன் உள்ளுக்குள்ள என்ன நெனைக்கறான்னு நமக்கு எப்படித் தெரியும்?

ஆடி நோம்பிக்கு எல்லாரும் நெகமத்துல கூடுவோம். ஒவ்வொரு நோம்பிக்கும் எலையில உக்காந்ததும் மாமனார் எங்கிட்டத்தான் பேச்சுக் குடுப்பாரு. கெணத்து மோட்டார் கத்துதுங்களே மாப்பிள்ளை, புஷ் போயிருக்குமா, பேரிங் போயிருக்குமா, இப்படி. நானும் பதவிசாச் சொல்லுவேன். அந்த வருசம் மோட்டாரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க. எல்லாம் நாச்சிமுத்து பேச்சு.

"மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை கடையில ஒரு மிஷின் வச்சிருக்காரு, பாத்தீங்களா? ஒரு ஜூஸ் குடிச்சா கைப்பிடியை ஒருக்கா இழுக்கலாம். மூணு சக்கரம் கிறுகிறுன்னு சுத்துது. சக்கரத்துல பூராம் பழப் படம். மூணுலயும் ஒரே பழம் வந்து நின்னுதுன்னா அந்தப் பழ ஜூஸ் ஒண்ணு சும்மா!"

"எங்க வாங்கினானுங் மாமா?"

"வாங்கலீங்க. வெளிநாட்டுல காசு போட்டு இழுப்பாங்களாமில்ல, அதை செல்போன்ல பாத்துட்டு, காசு கீசெல்லாம் வேண்டாம்னு மாத்தி, அவரே செஞ்சாரு."

அவரே செஞ்சாரு! தம்பி, நீங்களே சொல்லுங்க. சாத்துக்குடி பிழியறவன் அவன். ஒரு நட்டுக்கு எந்த ஸ்பேனர்னு தெரியாது. அந்த வீட்ல மிஷினுன்னு ஒண்ணு பேசினா அது என்னைப் பத்தித்தானுங்க பேசணும், இத்தனை வருசமா அப்படித்தானே? எங்க அத்தை எலையில பாயசம் ஊத்தினாங்க. அதுபாட்டுக்கு இருந்துச்சு. "சக்கரை பத்தலீங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டாங்க. பத்தலீங்கன்னு சொல்லீட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமையே பொள்ளாச்சிக்குப் போனேன். பாக்கணும்னு இல்லீங்க, அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு. கடை முன்னால தேர் கூட்டமாட்ட நிக்கறாங்க. விலக்கிக்கிட்டு உள்ள போய்ப் பாத்தனா, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிளைவுட்டுல அறுத்த சக்கரம். பழைய கம்பி ஒண்ணு அச்சாணி, அதுவும் கொஞ்சம் வளைஞ்சது. ஸ்கூட்டர் ஸ்டேண்டு ஸ்பிரிங்கு. அடிபம்புக் கைப்பிடி. சக்கரத்தைச் சுத்தி ஆணி அடிச்சு, அதுல ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒரசற மாதிரி வச்சிருக்கான். இழுத்தா 'டகடகடக'ன்னு ஒரே இரைச்சல். மூணு சக்கரமும் மூணு தினுசா ஓடுது. ஒண்ணு உடனே நிக்குது, ஒண்ணு தள்ளாடித் தள்ளாடி நிக்குது, கடைசிச் சக்கரம் இந்தா நிக்கறேன் அந்தா நிக்கறேன்னு ஆட்டம் காட்டுது. அதுவரைக்கும் அத்தனை பேரும் மூச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஒரு பழம் தள்ளி அது நின்னதும் "அடடா!"ன்னு ஒரு சத்தம். அப்பறம் இன்னொரு ஜூஸ் சொல்றாங்க. இந்த மாதிரி ஒரு வேலையை என்ற பட்டறையில எவனாச்சும் செஞ்சிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன்.

ஆனா ஒண்ணு சொல்லணுமுங்க, உள்ளதைச் சொல்றேன். படம். அந்தப் பழப் படம் அத்தனையும் கையில வரைஞ்சது. மாம்பழத்துல காம்புக்குப் பக்கத்துல பால் வடிஞ்சு காஞ்ச கறை இருக்குமில்ல, அதுகூட இருந்துச்சு. சீத்தாப்பழம் ஒரு பக்கம் லேசாப் பிளந்து உள்ள வெள்ளை தெரியற மாதிரி. தொட்டா விரல் பிசுபிசுங்குமோன்னு தோணும். எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா வேலை சுத்தமுன்னா அது எனக்குத் தெரியும். நான் அந்தச் சீத்தாப்பழத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.

"யாருடா வரைஞ்சது?"ன்னு கேட்டேன்.

நாச்சிமுத்து பூங்கோதையைப் பாத்தான். அவ சிரிச்சா. "நம்ம வீட்டு ஆளுதானுங்ணா"ன்னான்.

சரி, பூங்கோதைக்கு இப்படியொரு கை வேலை இருக்குதான்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சாந்தாமணிகிட்டச் சொன்னேன். "உன்ற தங்கச்சி என்னமாப் படம் போட்டிருக்கா தெரியுமா? நீயும் அதே வீட்லதானே பொறந்த?" அவ தேங்காய் துருவிக்கிட்டிருந்தா. அடுத்த மூடியை எடுத்துத் துருவ ஆரம்பிச்சா. கூடப்பொறந்தவளைப் புகழ்ந்தா பொம்பளைங்களுக்கு ஆகாது பாருங்க, பொறாமை. நான் விட்டுட்டேன்.

அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன். மிஷினுன்னா என்னன்னு நான் காட்டறேன்.

கையில இருந்த ஷாஃப்டு வேலையெல்லாம் ஓரமா வச்சுட்டேன். பம்பு கம்பெனியிலிருந்து போன் மேல போன். எடுக்கலை. பெரிய காகிதத்துல வரைபடம் போட்டு, அழிச்சு, திருப்பிப் போட்டு, நானே மரத்துல பேட்டர்ன் அச்சு செஞ்சு, பவுண்டரியில குடுத்து அலுமினியத்துல சக்கரம் ஊத்தி வாங்கினேன். லேத்துல மாட்டிக் கடைஞ்சேன் பாருங்க, தம்பி, மூணு சக்கரமும் ஒரே தாய் வயித்துல ஒரே நேரத்துல பொறந்தது மாதிரி. எடை ஒண்ணு. விட்டம் ஒண்ணு. ஒரு சக்கரத்தை எடுத்து இன்னொண்ணு இடத்துல மாட்டினா எனக்கே அடையாளம் தெரியாது. உள்ளுக்குள்ள நல்ல பேரிங்கு. மொத மொத இழுத்தப்ப சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் போய் டீ குடிச்சுட்டு வந்தேன், அப்பவும் சுத்துது! சத்தமே இல்லை. அப்பறம் மூணுக்கும் ஒரே மாதிரி பிரேக்கு வச்சேன். ஒரே அளவுத் தோல்பட்டை, ஒரே ஸ்பிரிங்கு.

அப்ப சாந்தாமணி கேட்டா. "ஏனுங்க, இதுக்குப் படம் நான் போடட்டுங்களா?"

"இது வெளையாட்டு இல்லை கண்ணு. ஸ்டிக்கருக்குச் சொல்லியிருக்கேன், டிஜிட்டல் பிரிண்டு"ன்னேன்.

நல்ல விதமாத்தான் சொன்னேன். கோவமாச் சொல்லலை. ஸ்டிக்கர் கடைக்காரன் கம்ப்யூட்டர்லிருந்து ஆப்பிளு, கிவி, ஸ்ட்ராபெரின்னு பளபளன்னு எறக்கிக் குடுத்தான். ஒரு ஆப்பிளுக்கும் இன்னொரு ஆப்பிளுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கணுமே? கிடையாது.

மூணுலயும் ஒரே வரிசையா ஒட்டி முடிச்சு, நேரா வச்சு இழுத்தேன். மூணும் ஒண்ணாப் பொறப்பட்டு, ஒண்ணாச் சுத்தி, ஒண்ணா நின்னுச்சு. ஆப்பிளு, ஆப்பிளு, ஆப்பிளு. திருப்பி இழுத்தேன். கிவி, கிவி, கிவி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இத்தனை வருச வேலைக்கு அதுதானே சாட்சி? டீ கொண்டாந்த சாந்தாமணி நின்னு பாத்தா.

"எப்பவுமே ஒரே மாதிரிதான் வருமுங்களா?"

"அதுதாண்டி ஃபினிஷிங்கு."

"அப்ப இழுக்கறவங்க எல்லாருமே ஜெயிச்சுருவாங்களே."

"ஆளுக்கொரு மாதிரி இழுப்பாங்க, மாறும். நீ போய் வேலையைப் பாரு"ன்னேன். அவளுக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்?

சரவணம்பட்டியில பொன்னுரங்கம்னு நம்ம சிநேகிதன் பேக்கரி வச்சிருக்கான். காலேஜ் பசங்க, கம்ப்யூட்டர் கம்பெனி ஆளுங்க எல்லாம் வர்ற எடம். அங்கதான் வச்சேன். ஒரு டீ குடிச்சா ஒரு இழுப்பு, மூணும் ஒண்ணா வந்தா ஒரு கிரீம் பன்னு. மாமனார், அத்தை, பூங்கோதை, நாச்சிமுத்து எல்லாரையும் வரச் சொன்னேன். நாச்சிமுத்து முக்கியமா வரணும்னு ரெண்டு தடவை போன் பண்ணினேன். அவன் பாக்கணுமில்லீங்க?

மிஷினுக்கு மாலை போட்டு, மாமனாரை இழுக்கச் சொன்னேன். மூணு ஆப்பிளு! எல்லாரும் கை தட்டினாங்க. "உங்க கை ராசிங் மாமா"ன்னேன். அத்தை இழுத்தாங்க. மூணு திராட்சை. கை தட்டு. பூங்கோதை இழுத்தா. மூணு கிவி. கை தட்டு கொஞ்சம் கம்மியாச்சு. காலேஜ் பொண்ணு ஒண்ணு இழுத்துச்சு, மூணு ஸ்ட்ராபெரி. அது கூட வந்ததுக எல்லாம் இழுத்துச்சுக. வேகமா இழுத்தாலும் சரி, மெதுவா இழுத்தாலும் சரி, எடது கையில இழுத்தாலும் சரி, மூணும் ஒண்ணு. கைப்பிடி ஒண்ணுதானே, இழுப்பு மூணுக்கும் ஒண்ணாத்தானே போகும்? சித்தெ நேரத்துல வரிசை ரோடு வரைக்கும் போயிருச்சு. கிரீம் பன்னு தீந்துருச்சு. பொன்னுரங்கம் பப்ஸ் எடுத்துக் குடுத்தான். பப்ஸும் தீந்து போய், பிஸ்கட் டப்பாவைத் தொறந்தான். மூஞ்சி போன போக்கைப் பாக்கணும். கடைசியில பாதி ஷட்டரை எறக்கீட்டு, "சிகாமணி, புண்ணியமாப் போகும், இதை எடுத்துட்டுப் போயிரு"ன்னான்.

ஜனங்களைச் சொல்லணுமுங்க. ஒரு மிஷினு ஒரு தடவைகூடப் பிசகாம நிக்குதே, அது யாரு கடைஞ்சதுன்னு ஒருத்தன் கேட்டிருக்கணுமில்ல? பன்னுல இருந்துச்சு கண்ணு.

அப்பத்தான் நாச்சிமுத்து பக்கத்துல வந்தான். காதோரமாத்தான் சொன்னான், அதை ஒத்துக்கறேன்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மூணு சக்கரமும் அச்சு அசல் ஒண்ணாட்டவே இருக்குதுங்க. நடுச்சக்கரத்துல ஒரு ஓரமா ஈயத்துண்டு ஒட்டீட்டம்னா அது தன்னால தடம் மாறிக்கும். நான் வேணாப் புடிச்சுக்கறேன், நீங்க ஒட்டுங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"ஐயோ, அப்படி இல்லீங்ணா..."

"உன்ற மிஷின் முன்னால கூட்டம் நிக்குதுன்னா அது உன்ற சக்கரத்துக்குன்னு நெனச்சியா? அந்தப் படத்துக்குடா! அந்தப் படத்தை எடுத்துட்டா அது வெறும் கோழிக்கூண்டு!"

சத்தமாச் சொல்லீட்டேன் போல. மாமனார் திரும்பிப் பாத்தாரு. பூங்கோதைதான் முன்னால வந்தா.

"நல்லாச் சொன்னீங்க மாமா. அந்தப் படம் எங்கக்கா வரைஞ்சது."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

நான் சாந்தாமணியைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கலை. என்ற மிஷின்ல ஒட்டியிருந்த ஆப்பிள் ஸ்டிக்கரோட ஓரம் லேசா எந்திரிச்சிருந்துச்சு, அதை விரல்ல அமுத்திக்கிட்டிருந்தா.

நடந்தது என்னன்னா, பூங்கோதைக்குக் குடல்வால் ஆபரேசன் ஆனப்ப சாந்தாமணி பொள்ளாச்சிக்குத் தொணைக்குப் போயிருந்தா. அப்ப நாச்சிமுத்து சக்கரத்துல சாக்பீசுல 'மாம்பழம்', 'கொய்யா'ன்னு வெறும் பேரை எழுதி வச்சிருந்தானாம். "உங்களுக்குத்தான் படம் வருமே அக்கா"ன்னானாம். இவ பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே படம் போடுவாளாம். எனக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி எல்லாம் பொண்ணு பாக்கப் போனப்பவே சொல்லியிருக்கணும்.

வீட்டுக்குப் போற பஸ்சுல கேட்டேன். "ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"பொள்ளாச்சியிலிருந்து வந்த அன்னிக்கே சொல்ல வந்தனுங்க. ஷாஃப்டு அளவு எடுத்துக்கிட்டிருந்தீங்க. அப்பறம் பாக்கலாம்னீங்க."

"அவனுக்கு மட்டும் வரைஞ்சு குடுத்திருக்கற."

"அவரு கேட்டாருங்க."

கேட்டானாம்! அவ்வளவுதான் பதிலு. வெளியே வேடிக்கை பாத்துக்கிட்டு வந்தா. தம்பி, எனக்கு அந்த மிஷின் தோத்துப் போனதுகூடப் பெருசாத் தெரியலீங்க. அந்தச் சீத்தாப்பழம் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதை அவன் கடையில தெனமும் நூறு பேரு பாக்கறான். வீட்ல அவ எனக்குன்னு ஒரு எலுமிச்சம்பழம் வரைஞ்சு வச்சிருக்கக் கூடாதா?

காலையில எந்திரிச்சதும் சொன்னேன். "பொள்ளாச்சிக்குப் போயி அந்தப் படத்தை அழிச்சுட்டு வந்துரு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

அடுப்பை அணைச்சுட்டு வந்தா. அப்பறம் "சரிங்க"ன்னா. பட்டறையிலிருந்து பெயிண்டைக் கரைக்கற தின்னர் கேனும் வேஸ்டுப் பஞ்சும் நானே பையில வச்சுக் குடுத்தேன். உக்கடத்துல நானே பஸ் ஏத்தி விட்டேன். இன்னொரு பையில சீலையெல்லாம் எடுத்து வச்சிருந்தா. ஒரு படத்தை அழிக்க எதுக்கு இத்தனை சீலைன்னு அப்பக் கேக்காம விட்டுட்டேன்.

அன்னிக்கு வரலை. அடுத்த நாளும் வரலை. போன் பண்ணினா பூங்கோதை எடுத்து, "அக்கா வேலையா இருக்குதுங் மாமா"ங்கறா. சரி, பெயிண்டு நல்லா ஊறியிருக்கும், அழிக்க நேரமாகும்னு இருந்தேன். அப்பறம் பொறுக்க மாட்டாம நேர்லயே போனேன்.

அழிச்சுத்தான் இருந்தா. அதை நான் குத்தம் சொல்ல முடியாது. சுத்தமா அழிச்சுட்டு, அது மேலயே புதுசாப் போட்டிருந்தா. இலந்தை, நாவல், கொடுக்காப்புளி, பிளந்த மாதுளை, அப்பறம் அதே சீத்தா, முன்னைக் காட்டிலும் நல்லா. மிஷினுக்கு அடியில சின்ன எழுத்துல 'ஓவியம்: கு. சாந்தாமணி'. கு-ன்னா யாரு? எங்க மாமனாரு, குழந்தைசாமி. கல்யாணத்துக்கு முந்தின இனிஷியலு! என்ற எழுத்து என்ன பாவம் பண்ணுச்சுங்க?

"அழிக்கச் சொன்னீங்க, அழிச்சுட்டனுங்க"ன்னா. சிரிச்ச மூஞ்சியாத்தான் சொன்னா. "கட்டை வெறுமனே இருந்துச்சு. பாக்க நல்லா இல்லை."

இப்ப உடுமலையில ஒரு கடைக்காரரு ஒரு மிஷின் கேட்டிருக்காரு. தாராபுரத்துல ஒருத்தரு கேட்டிருக்காரு. நாச்சிமுத்து பொட்டி செய்யறான், இவ படம் போடறா. கடை மாடியில ஒரு ரூமை ஒழிச்சுக் குடுத்திருக்காங்க. தரையெல்லாம் பேப்பரை விரிச்சு, கையெல்லாம் மஞ்சளும் செவப்புமா உக்காந்திருக்கா. நான் வாராவாரம் போறேன். அவளுக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. கோவமா இருந்தா நாலு வார்த்தை திட்டுவா, நானும் திட்டுவேன், முடிஞ்சுரும். இவ டீ போட்டுக் குடுக்கறா, நேரத்துக்குச் சாப்பிடறீங்களான்னு கேக்கறா, வீட்டுக்கு வான்னா "இந்த வாரம் முடியாதுங்க"ங்கறா.

போன வாரம் அந்த ரூம்ல உக்காந்திருந்தேன். நாச்சிமுத்து படியேறி வந்தான். வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "அக்கா, உடுமலைக்காரரு சப்போட்டா கேக்கறாரு. முழுசாப் போடறீங்களா, அரிஞ்சாப்புலயா? எது நல்லா இருக்கும்?"னான். இவ பிரஷ்ஷைக் காதோரம் வச்சுக்கிட்டு யோசிச்சா. நல்லா நேரமெடுத்து யோசிச்சா. அவன் பேசாம நின்னான். "அரிஞ்சாப்புல. கொட்டை தெரியணும்"னா. அவன் சரிங்கன்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுதுங்க தம்பி. எங்க வீட்ல அவளை அப்படி நின்னு ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை. கேக்கறதுக்கு என்னங்க இருந்துச்சு? சாம்பாரா, ரசமான்னு அவதான் என்னைக் கேப்பா.

எறங்கி வர்றப்ப நாச்சிமுத்து ஒரு ஜூஸைக் கையில குடுத்து, "ஒருக்கா இழுங்கண்ணா"ன்னான். சுத்தியிருந்தவங்க பாக்கறாங்களேன்னு இழுத்தேன். மொதச் சக்கரம் சீத்தா. ரெண்டாவது சீத்தா. மூணாவது தள்ளாடித் தள்ளாடி வருது, சீத்தாகிட்ட வந்து நிக்கற மாதிரி நின்னு, ஒரு ஆணி தாண்டி நாவல்ல விழுந்துச்சு. எல்லாரும் "அடடா!"ன்னாங்க. நானும் சொல்லியிருக்கேன் போல. அப்பறம்தான் சுதாரிச்சுக்கிட்டேன்.

என்ற மிஷினு பட்டறையிலதான் இருக்குது. ஸ்டிக்கரெல்லாம் சுரண்டி எடுத்துட்டேன். சக்கரத்துல ஈயம் ஒட்டியிருக்கேன். அது நானா யோசிச்சதுங்க, ஒருத்தன் சொல்லிக் கேக்கலை. அவன் நடுச்சக்கரம்னான், நான் கடைசிச் சக்கரத்துல வச்சிருக்கேன். இப்ப ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தினுசா நிக்குது. அருமையா ஓடுது. ஆனா என்ன, வெறும் அலுமினியம்தானே? வெள்ளையாச் சுத்துது, வெள்ளையா நிக்குது. ஜெயிச்சமா, தோத்தமான்னு தெரிய மாட்டேங்குது.

இந்தா, பொள்ளாச்சி வந்துருச்சு. எந்திரிங்க தம்பி. மேல அந்தச் சாக்குப்பையைச் சித்தெ புடிங்க, பாத்து, கனமா இருக்கும். மூணு சக்கரம்தான், மிஷின்லிருந்து கழட்டினது.

ஒரு ஒத்தாசை பண்றீங்களா? பெரிய வேலை இல்லீங்க. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளிய போனதும் அந்த ஜூஸ் கடை. மாடிக்குப் போங்க. அங்க ஒரு அம்மா படம் போட்டுக்கிட்டிருப்பாங்க. இது உங்களோட சொந்த மிஷின் சக்கரமாட்டச் சொல்லி, படம் போட்டுக் குடுக்கணும்னு கேளுங்க. நான் குடுத்தேன்னு சொல்லீராதீங்க.

கண்டுபுடிச்சுருவாங்கறீங்களா? கண்டுபுடிக்காம என்ன? ஓரத்தைத் தடவிப் பாத்தாப் போதும், இப்படிக் கடையறதுக்கு வேற யாரு இருக்கா? கண்டுபுடிச்சாக் கண்டுபுடிக்கட்டும். நீங்க மட்டும் சொல்லீராதீங்க.

என்ன பழம் போடறதுன்னு அவ கேட்டா, உங்களுக்கு எது நல்லா இருக்கும்னு தோணுதோ அதைப் போடுங்கம்மான்னு சொல்லுங்க. சொல்லீட்டு உடனே வந்துராதீங்க. யோசிப்பா. அதுவரைக்கும் வாசப்படியிலயே நில்லுங்க.

நான் எதிர்த்தாப்புல டீக்கடையில இருக்கேன். அவ மாடி ஜன்னல்ல எட்டிப் பாத்தாளான்னு மட்டும் வந்து... இல்லீங்க, அது வேண்டாம். அதை நானே பாத்துக்கறேன். நீங்க போங்க.